செல்லாத சீட்டு

வெருலம் பள்ளிக்கூடத்தில் ராத்திரி பதினொன்று.
கரண்ட் போய், கேஸ் விளக்கில் எண்ணுகிறோம்.
ஒரு சீட்டு வார்டுக்கு, ஒன்று கட்சிக்கு.
மேயர் பேர் எதிலும் கிடையாது;
ஜெயித்தவர்கள் பிறகு
தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்.

நூற்று நாற்பத்தேழாவது சீட்டில்
பெருக்கல் குறி இல்லை.
குறுக்கே தமிழில் ஒரு சொல்.
"என்ன எழுதியிருக்கு?" சிபொங்கிலே கேட்டாள்.
கட்சி ஏஜெண்டுகள் கழுத்தை நீட்டினார்கள்.

தன்னீர்.

மூணு சுழி போடவேண்டிய இடத்தில் ரெண்டு சுழி.
கோயில் போர்டிலும் இதே பிழை,
இதே சாய்ந்த கை.
யாரென்று சொல்ல மாட்டேன். ரகசிய வாக்கு.

"தண்ணி," என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
பதினேழு நாளாக
எல்லார் வீட்டுக் குழாயிலும் காற்று.

சட்டப்படி
செல்லாதவற்றோடு வைத்தேன்.
இடது கட்டைவிரல் மை
தானாகப் போனால்தான் உண்டு.