மான் கீறியது

"மான் கீறினது" என்றார் கமலநேசன்,
காரை விட்டு இறங்கும்போதே.
நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

கடுநீலம். பன்னிரண்டாம் ஆண்டு வண்டி.
இடது பக்கம், பின்விளக்கிலிருந்து
பக்கக் கண்ணாடி வரை ஒரே கோடு.

திருகோணமலையில் இதை நம்பலாம்.
பஸ் நிலையத்துக்குள் படுத்து அசைபோடும் மான்கள்,
சந்தையில் கோவா இலைக்குக் காத்து நிற்கும் மான்கள்.
போன மாதம் ஒரு வானின் கதவில்
தன் முகத்தைக் கண்டு முட்டிய கொம்பனை
நானே கல்லெறிந்து கலைத்தேன்.
ஆனால் கொம்புக்கு ஒழுங்கு தெரியாது.
உரசும், விலகும்,
திரும்பி வந்து வேறு உயரத்தில் உரசும்.
இது அடிமட்டம் வைத்தது போல் கிடந்தது.

முதலில் கழுவினோம்.
கடற்காற்று ஒட்டிவிட்ட உப்பு, சீமெந்துத் தூசு,
வேப்பம்பிசின்,
காக்கை எச்சம் சுட்ட வட்டம் ஒன்று, பொனற்றின் நடுவில்.
அதை அவர் கவனித்ததே இல்லை.
களிக்கட்டியால் தேய்த்து, கொட்டிலின் விளக்கை அணைத்து,
ரோச்சைச் சரித்துப் பிடித்தேன்.
சிலந்தி வலை போலச் சுழிகள்.
சவர்க்காரத் தூளும் பழைய சாரமும்
எட்டு வருசமாகச் செய்த வேலை.
அது பரவாயில்லை, ஊரில் எல்லாக் காரிலும் உண்டு.

நௌபர் கோட்டின் மேல் தண்ணீர் தெளித்தான்.
ஈரத்தில் மறைகிற கீறல் கிளியரோடு நின்றது.
மறையாதது நிறத்துக்குள் இறங்கிவிட்டது.
முக்கால்வாசி மறைந்தது.
பின்விளக்கின் அருகே ஒரு சாண்
தண்ணீருக்குள்ளும் வெள்ளையாய்க் கிடந்தது.

நகத்தை ஓட்டினேன்.
முன்கதவில் வழுக்கிப் போனது,
பின்விளக்கில் தடக்கென்று நின்றது.
ஆக, பின்னால்தான் தொடக்கம்.
அழுத்தித் தொடங்கி, நடந்துகொண்டே வந்து,
கதவடியில் கை இளகி,
கண்ணாடிக்குக் கிட்ட மயிரிழையாய் முடிந்திருக்கிறது.
இடுப்புக்குச் சற்றுக் கீழே.
ஓர் ஆள் நடக்கையில் கை தொங்கும் உயரம்.

"மான்தானே?" என்றார்.
"ஓம்" என்றேன்.

வண்டியை உள்ளே எடுக்கச் சாவியைத் தந்துவிட்டு
அநுராதபுரச் சந்தி வரை நடந்து போனார்.
வளையத்தில் வீட்டுச் சாவி இரண்டு, கார்ச் சாவி ஒன்று.
கார்ச் சாவியின் பல்லிடுக்கில்
கடுகளவு நீலம்.
வெயிலில் பிடித்தால் மினுங்கும் நீலம்.

நௌபரும் பார்த்தான். ஒன்றும் பேசாமல்
வாளியில் தாளை ஊறப்போட்டான்.

இரண்டாயிரம் தாள், பிறகு மூவாயிரம்.
வெள்ளைப் பால் வடியும்வரை தேய்க்கலாம்,
நீலம் வடிந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.
மானி நூற்றுப் பதினெட்டு காட்டியது.
கதவில் நூற்றுப் பன்னிரண்டோடு கோடே இல்லை.
கொம்பவுண்ட், பிறகு பொலிஷ்,
இயந்திரத்தின் உறுமலில் மூன்று மணித்தியாலம்.
நௌபரின் பல்வரிசை தெரிந்தது கதவில்.
அந்தச் சாணில் மட்டும்
தொண்ணூற்றாறு வந்ததும் நிறுத்தினேன்.
தூரிகை முனையால் நிறம் வைத்து,
மேலே கிளியரை ஒரு சொட்டுச் சொட்டாக வைத்து,
காயவிட்டுச் சமப்படுத்தினோம்.
சமம் என்றால், ஏறக்குறைய.

பின்னேரம் வந்தார். உள்ளங்கையால்
கண்ணாடியிலிருந்து பின்னோக்கித் தடவிக்கொண்டே போனார்.
கை அங்கே நின்றது.

"இதுக்கு மேலை எடுத்தா அடி தெரியும் அண்ணை.
பகல்லை ஆருக்கும் தெரியாது.
தெருவிளக்குக்குக் கீழை விட்டா
கொஞ்சம் நிழல் மாதிரித் தெரியும்."

"இரவிலை நான் மட்டும்தான் ஓடுறது."

கட்டைவிரலை அந்த இடத்தில்
கொஞ்ச நேரம் வைத்திருந்தார்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

சாவியை அப்படியே கொடுத்தேன், துடைக்கவில்லை.
பில்லில் எழுதினேன்: இடது பக்கம், மான்.
அவர் அதை வாசித்து, நாலாய் மடித்து,
சட்டைப்பையில் வைத்தார்.

கார் திரும்பியதும் நௌபர்,
"எந்த மான் அண்ணை திறப்போடை திரியுது?" என்றான்.
தேத்தண்ணி வாங்கி வரச் சொன்னேன்,
சீனி குறைச்சு.