கழலும் அளவு

பிப்ரவரியில் வந்து விரல் நீட்டாதே என்று
கடைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
ஸ்ட்ரோம்னெஸ்ஸில் யார் கதவைப் படிக்கிறார்கள்?
காற்று தள்ளத் தள்ள உள்ளே வந்துவிடுகிறார்கள்.

எர்லண்டும் அப்படித்தான் வந்தான்.
கையுறையை உருவினால்
ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன்கள், ஐந்து.
பின்னால் தோரா,
படகுத்துறை டிக்கெட் கவுன்ட்டர் சீருடையோடு.
முதலில் தேநீர் என்றேன்.
கோப்பையைக் கால்மணி நேரம் பிடித்திரு.
குளிர்ந்த விரல் பொய் சொல்லும்.
தூங்கி எழுந்த விரலும்,
நேற்றிரவு உப்புமீன் தின்ற விரலும்.

அளவு வளையங்கள் ஒரு கொத்து வைத்திருக்கிறேன்,
சிறைக்காவலன் சாவிபோல் சத்தம் போடும்.
எழுத்துகள்தாம் அளவு இங்கே.
எஸ் ஏறவில்லை.
டி, மூட்டில் நின்றுவிட்டது.
யு போனது,
திரும்பும்போது கொஞ்சம் தோலைச் சுருட்டிக்கொண்டு வந்தது.
பதினாறு வயதில் வின்ச் நசுக்கிய மூட்டு.
அதைத் தாண்டினால் அடிவிரல் மெலிவு.
எதை அளப்பது,
போகும் வழியையா, தங்கும் இடத்தையா?

கழலக் கூடாது, என்றாள் தோரா.
போன மோதிரம் ஸ்காப்பா கடலில் நண்டுகளிடம் இருக்கிறது.
கழலணும், என்றான் எர்லண்ட்.
கூண்டுக் கயிறு ஓடும்போது மாட்டினால்
மோதிரம் தனியாகப் போகாது.
"கழற்றி வெச்சிட்டுப் போ."
"எங்கே வைக்க?"
"என்கிட்டே."
"விடிகாலை நாலு மணிக்கா?"
பிறகு இரண்டு பேரும்
என்னைப் பார்த்தார்கள்.

விட்டம் இருபது. தகட்டின் தடிமன் இரண்டு.
இருபத்திரண்டை மூன்று புள்ளி ஒன்று நான்கால் பெருக்கினால்
அறுபத்தொன்பது மில்லி.
கணக்கு இதோடு முடிந்தால் நானும் பணக்காரி.
அகலப் பட்டை கூடுதல் தோலைக் கவ்வும்,
அதற்கு அரை எழுத்து கூட்டு.
ரம்பம் தின்னப்போவதைக் கூட்டு.
சுத்தியல் ஒவ்வோர் அடிக்கும் வெள்ளியை நீட்டித் தரும்,
அதைக் கழி.
அழகுக்கென்று தழும்பு தட்டித் தட்டி
ஒன்றரை எழுத்து பெருக்கிவிட்ட நாள் உண்டு.
அந்தப் பெண் கட்டைவிரலில் போட்டுக்கொண்டு
நன்றி என்றாள். பணமும் கொடுத்தாள்.
இன்னும் எனக்குக் காது சுடுகிறது.

வளைத்தேன்.
இரண்டு முனையும் முட்டும் இடத்தில்
விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் புகவில்லை.
பற்றாசு நறுக்கி வைத்திருந்தேன்,
நெருப்பும் நீலமாய் நின்றது.
அணைத்துவிட்டேன்.

ஒட்டவில்லை. அப்படியே உருளையில் ஏற்றி
மரச்சுத்தியலால் விறைக்க விறைக்கத் தட்டினேன்.
அடிபட்ட வெள்ளி சும்மா நெகிழாது.

தோரா நகத்தை ஓட்டிப் பார்த்தாள்.
"இது என்ன, விரிசலா?"
ஆமாம். வேண்டுமென்றே.
மூட்டைத் தாண்டித் தானாக இறங்காது,
கயிறு இழுத்தால் வாயைத் திறக்கும்.
"அப்போ பாதி விலையா?"
முழு விலை.

அக்டோபர் மழையில் கதவு திறந்தது.
எர்லண்ட் வலது உள்ளங்கையை விரித்தான்.
யு என்று செய்து கொடுத்தது
சி-யாகத் திரும்பி வந்திருந்தது.
இடது கையைப் பிறகுதான் காட்டினான்.
விரல் கறுத்து, பருத்து, நகம் போய்,
ஆனால் இருந்தது.
எந்தக் கயிறு என்று நான் கேட்கவில்லை,
அவன் தொடங்கியதைத் தோரா முடிக்கவிடவில்லை.

உருளையில் ஏற்றினேன். பதினொரு தட்டு. வட்டம்.
விரலுக்கு வளையம் தேடினால்
கொத்தில் கடைசி எழுத்துவரை ஏறவில்லை.
வீக்கம் வற்றட்டும், என்றேன். அப்புறம் அளப்போம்.

தண்ணீர் கொதிக்கும்வரை
தோரா அதைத் தன் விரல்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள்.
கட்டைவிரலிலும் நிற்கவில்லை.
கழன்று கழன்று விழுந்தது,
ஒவ்வொரு முறையும்
மறுகையை ஏந்திப் பிடித்தாள்.