ஒரு சந்தாவுக்கு மட்டும் பணம்

எஸ்பியர் துறைமுகத்தில்
படகுகளுக்கு டீசல் கணக்கெழுதும் விபெக்காவிடம்
இரண்டு விண்ணப்பப் படிவங்கள் இருக்கின்றன.
சந்தா கட்டப் பணம் ஒன்றுக்குத்தான்.

விவாகரத்தில் வீடு அவனுக்குப் போனது.
கொட்டகையும் அவனுக்கே.
கொட்டகைக்குள் நின்ற போர்க்வார்ட் இசபெல்லா,
ஐம்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி,
இவளுக்கு வந்தது.
ஓடாது என்று சொல்லித்தான் கொடுத்தான்.
ஓடுகிறது.
கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும்.

முதல் படிவம் போர்க்வார்ட்காரர்களுக்கு மட்டும்.
பிரேமனில் ஆலை மூடி அறுபது வருஷம் தாண்டியும்
பாகம் பிரிக்காத கூட்டுக்குடும்பம்.
பட்டியலில் இருபத்து மூன்று பேர்,
கூட்டத்துக்கு வருவது ஒன்பது.
விருந்தாளியாக இருமுறை போயிருக்கிறாள்.
அங்கே எதையும் விளக்க வேண்டியதில்லை.
"மூன்றாவது கியரில் அந்தச் சத்தம்..." என்று தொடங்கினால்
ஒன்பது தலைகளும்
வலியறிந்த தலைகளாக அசையும்.

ஆனால் போன வசந்தத்தில்
டோர்கில் என்ற ஓய்வுபெற்ற நில அளவையாளர்
டார்ச்சோடு பானெட்டுக்குள் குனிந்தார்,
பெண்பார்க்க வந்த இடத்தில்
பல்வரிசை எண்ணும் சம்பந்தியைப் போல.
நிமிர்ந்து சொன்னார்:
"இது ஃபோர்டு போல்ட்."
எட்டுப் பேர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

இரண்டாவது படிவத்துக்கு
வண்டி முப்பது வயதைத் தாண்டியிருந்தால் போதும்.
மாதத்தின் முதல் ஞாயிறு,
ரீபெ சாலையில் பீட்ரூட் எடைபோடும் முற்றம்.
ஆம்புலன்ஸ் ஒன்று வரும்.
பால்வண்டி வரும்.
மொபெட்டில் ஒருவன் வருவான்,
வயது கேட்டால் "எனக்கா, வண்டிக்கா?" என்பான்.
"இசபெல்லாவா? இத்தாலி வண்டியா?"
ஏழாவது தடவையாகச் சிரித்துக்கொண்டே
இல்லை, ஜெர்மனி என்பாள்.
பேர் அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு
சாசேஜ் வரிசைக்குப் போய்விடுவார்கள்.
பானெட்டைத் திறந்து வைத்தாலும்
எட்டிப் பார்க்க ஆளில்லை.
எல்லாருக்கும் பொது என்ற அந்த முற்றத்திலும்
வால்வோக்காரர்கள் தனி வரிசையில்தான் நிறுத்துகிறார்கள்.

ஜூன் மாத ஞாயிறு,
முற்றத்துக்கு நாலு கிலோமீட்டர் முன்னால்
இசபெல்லா ஆவி விட்டாள்.
பின்னால் வந்தது பச்சைப்பட்டாணி நிறத்து ட்ராபான்ட்.
ஓட்டியவள் ரிக்மோர், பள்ளிக்கூடச் சமையல்காரி.
கயிறு கட்டி இழுத்தாள்.
எறும்பு வெல்லக்கட்டியை இழுக்கும் வேகம்.
பின்னால் சேர்ந்த கார்களில் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.
முற்றத்தில் இருபது பேர் சூழ்ந்தார்கள்,
இருபது யோசனை, ஒரு பம்ப் இல்லை.

டோர்கிலைக் கூப்பிட்டாள்.
அவர் கேட்டது ஒரே கேள்வி:
"தண்ணீர் எந்தப் பக்கம் ஒழுகுகிறது?"
நூற்று நாற்பது கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கினார்,
ரொட்டி உறைக்குள் நீர்ப்பம்ப்போடு,
ஒரு புது டொயோட்டாவிலிருந்து.
அவருடைய போர்க்வார்ட்
மழை வந்துவிடக்கூடும் என்று வீட்டில் இருக்கிறதாம்.
மேலே ஒரு துண்டு மேகம் கிடையாது.

பழைய பம்பைக் கழற்றும்போது
ஒரு போல்ட் மரை போயிற்று.
மாற்று அவரிடம் இல்லை.
ரிக்மோர் தன் பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி
ஒன்றை எடுத்து நீட்டினாள்.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
ட்ராபான்ட் போல்ட்.
பிறகு திருகினார்,
கடைசி அரைச்சுற்றைக் கண்ணை மூடிக்கொண்டு.
"சங்கத்தில் சொல்லிவிடாதே."

அப்புறம் கையில் சாசேஜோடு
பால்வண்டியை மூன்று தடவை சுற்றி வந்தவர்,
தொடவில்லை.

இரவு, நகக்கண்ணில் கிரீஸ் போகாத கையோடு
முதல் படிவத்தை இழுத்துக்கொள்கிறாள்.
முற்றத்தில் யாரும் அட்டை கேட்பதில்லை;
இங்கே, இவள் சேர்ந்தால் இருபத்து நான்கு.
பெயர், முகவரி, சேசிஸ் எண்.
அடுத்த கேள்வி:
"பாகங்கள் அனைத்தும் அசல்தானா?"
பேனா நிற்கிறது.
ஆம் என்று எழுதுகிறாள்.
அடித்துவிட்டு,
டோர்கிலைக் கேட்கவும் என்று எழுதுகிறாள்.