ஆறு மணி டம்ளர்

மெக்சிகாலியில், ஜூலையில்,
நாற்பத்தெட்டு டிகிரி என்று ரேடியோ சொன்னால்
அது நிழலில் நிற்பவர்களின் கணக்கு.
ரெமிஹியோவுக்கு நிழல் கிடையாது.
அடுத்தவர் கூரையில் மண்டிபோட்டு
அடுத்தவர் வீட்டைக் குளிரவைப்பது அவன் பிழைப்பு.

ஆறு மணிக்கு இறங்கி வருவான்.
சட்டை முதுகில் உப்பு பூத்திருக்கும்,
நேற்றுத் துவைத்ததற்கு அடையாளமே இல்லாமல்
ஊர்பேர் எழுதாத ஒரு வரைபடம்.

ஆறு மணிதான் பொல்லாத மணி.
கை தானாக ஃப்ரிட்ஜைத் திறக்கும்,
இரண்டாம் தட்டில், இடது ஓரத்தில்,
பீர் இருந்த இடத்தைத் தடவிப் பார்க்கும்.
ஏப்ரலிலிருந்து அங்கே முள்ளங்கி.

குடிக்காதே என்றார் டாக்டர்.
வேறு எதைக் குடிப்பது என்று சொல்லவில்லை.
சீட்டின் மறுபாதியை நான்தான் எழுத வேண்டியிருந்தது.

முதலில் ஆரஞ்சுச் சாறு கொடுத்தேன்.
"யாருக்குப் பிறந்தநாள்?" என்றான்.
எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தேன்.
"யாருக்குக் காய்ச்சல்?"

அந்த நாக்கைச் சீனி காட்டி ஏமாற்ற முடியாது.
அதற்குச் சண்டை வேண்டும்.
சரி, மூட்டிவிடுவோம் என்று

புளியைக் கொட்டையோடு வெந்நீரில் போட்டு
மதியத் தூக்கம் முழுக்க ஊறவிட்டேன்.
எழுந்து, விரல்விட்டுக் கரைத்தேன்,
நார் நாராய், கோது கோதாய்,
சேற்றில் விழுந்த மோதிரத்தைத் தேடுகிறவள் மாதிரி.
கூம்பு வெல்லத்தைக் கத்தியின் முதுகால் நொறுக்கிப் போட்டேன்.
எலுமிச்சை மூன்று. பச்சை, சிறுசு.
தோலின் கசப்பு இறங்குவதற்குள்
பிழிவதை நிறுத்திவிட வேண்டும்.
இது எனக்குப் பல விஷயங்களில் தாமதமாகத்தான் தெரிந்தது.

உப்பு இரண்டு சிட்டிகை என்பாள் நாத்தனார் ஒப்துலியா.
அவள் கணவனுக்கு வங்கியில் வேலை.
நான் சட்டையைப் பார்த்து அளக்கிறேன்.
முதுகோடு நின்றால் இரண்டு.
இடுப்புவரை வந்துவிட்டால் நான்கு.

டம்ளர் விளிம்பில் சமோய் தடவி,
உப்பும் மிளகாய்ப்பொடியும் கலந்த தட்டில்
கவிழ்த்து ஒரு திருகு.
பனிக்கட்டி. அதன்மேல் கரைசல்.
சோடா கடைசியில்தான், டம்ளரைச் சாய்த்து,
நுரை ஏறும்படி.
அவன் கண் முதலில் குடிப்பது நுரையைத்தான்.

சனிக்கிழமை ஃபெர்மின் வந்தான், ஆறு கேன்களோடு.
வாசலில் குறுக்கே கையை நீட்டினேன்.
பேசவில்லை.
புளி அப்பிய விரல்களைப் பார்த்தான்,
திரும்பிப் போய்
வேனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான்.

உட்கார்ந்தான். ஒரு மிடறு. ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.
"இதில் என்னவோ இல்லையே."
"ஆமாம்" என்றான் ரெமிஹியோ, "அதுதான் இல்லை."

பிறகு இருவருக்கும் பேச்சு வரவில்லை.
இருபது வருடமாக என்னதான் பேசினோம் என்று
பனிக்கட்டியைக் கிண்டிக்கொண்டு தேடினார்கள்.
கம்ப்ரசர் விலை கொஞ்ச நேரம் ஓடியது.
யாருடைய விவாகரத்தோ கொஞ்ச நேரம்.
ஃபெர்மின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நக்கி
உப்பை மொட்டையடித்திருந்தான்.

தெருவில் டப்பென்று ஒரு சத்தம்.
நாய் குரைத்தது.
இன்னொரு டப்.
ஃபெர்மின் பாதி எழுந்தான்.
"இருக்கை உறை புதுசு" என்றான், மெல்ல.
"உட்காருடா" என்றான் ரெமிஹியோ.
"இன்னும் நாலு இருக்கிறது."

எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்
தனியாகச் சிரித்தேன்,
மறுபடி நிரப்பிக் கொண்டுவந்தேன்.

அன்று இரவு இரண்டு மணிக்கு
என் பக்கத்துப் படுக்கை காலி.
ஃப்ரிட்ஜ் திறந்தது.
சமையலறைத் தரையில் மஞ்சளாய் ஒரு கோடு.
சோடா சீறியது. கரண்டி கண்ணாடியில் உரசியது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்,
உப்பு போடுகிறானா என்று.
உப்பு போடுவதற்குச் சத்தம் கிடையாது.