எலுமிச்சையின் நல்ல பக்கம்

முதலில் தூசி என்றுதான் நினைத்தேன்.
கரகண்டா நிலக்கரி ஊர்,
தூசி படியாத பொருள் இங்கே இல்லை.
ஈரத்துணியால் துடைத்தேன்.
மறுநாள் அதே இலையில்
ஊசிமுனையால் குத்திக் குத்திச்
சாயம் எடுத்ததுபோல் வெளிர்ப் புள்ளிகள்.

வெள்ளைத்தாளை அடியில் பிடித்துக்
கிளையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும்.
விழுந்தது நடந்தால் தூசி இல்லை.

நடந்தது.
மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில்
செம்பொட்டுகள், நிதானமாக,
அவசரமில்லாத ஏதோ வேலையாய்ப் போவதுபோல்
விளிம்பைத் தாண்டி
என் கட்டைவிரலுக்கு வந்தன.

மரம் என்னுடையதல்ல.
மூன்றாம் மாடி எர்வினுடையது.
அவனும் நெல்லியும் காஸலுக்குக் குடிபெயர்ந்தபோது
இரண்டு பெட்டி, ஒரு தையல் இயந்திரம்,
பூனைக்குக்கூடத் தடுப்பூசிச் சான்றிதழ்.
எலுமிச்சைக்கு மட்டும் காகிதம் கிடைக்கவில்லை.
"வாரம் இருமுறை தண்ணீர்," என்றான்,
"வேறொன்றும் கேட்காது."

கேட்டது.
முதல் கோடையில் தளிரெல்லாம் அசுவினி.
அடுத்து, தண்டோடு தண்டாய் ஒட்டிய செதில்பூச்சியை
நகத்தால் சுரண்ட வைத்தது.
மாவுப்பூச்சிக்குப் பஞ்சில் வோட்கா தொட்டு வைத்தேன்,
பூச்சிக்குப் பாதி, எனக்குப் பாதி.
அவற்றையெல்லாம் கண்ணால் பார்க்க முடிந்தது.
பகையென்றால் ஓர் உருவம் வேண்டாமா?
செம்பேனுக்கு இருப்பது கணக்கு மட்டும்:
எட்டே நாளில் முட்டை பேனாகும்,
பேன் முட்டையிடும்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அனல் நிலையத்தில் எனக்கு இரவுப்பணி,
ஊருக்கு வெந்நீர் அனுப்புகிறேன்.
தொலைபேசியில் யாரோ கத்துகிறார்கள்,
குழந்தைக்குக் குளிர்கிறதாம்.
இரண்டு டிகிரி ஏற்றச் சொல்கிறேன்.
முள் நகர்கிறது.
காலையில் வீடு திரும்பினால்
அந்த இரண்டு டிகிரியும் எனக்கு முன்னே வந்து
என் ஜன்னலடியில் காய்கிறது.
உலர்ந்த சூடு. செம்பேனுக்கு அதுதான் வசந்தம்.
நான் திறந்த வால்வு வழியாகவே
என் வீட்டுக்குள் வசந்தம் வருகிறது.

அல்மாத்தியிலிருந்து
பேன் தின்னும் பேன் வரவழைத்தேன்.
தவிட்டில் கலந்து, விரலளவு பாக்கெட்டில்.
தபால் வண்டி இரண்டு நாள் பனியில் நின்றுவிட்டதாம்.
தாளில் கொட்டி ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.
எதுவும் நடக்கவில்லை.

பிறகு சோப்பு நீரும் பழைய காலுறையும்தான்.
கையில் காலுறையை மாட்டிக்கொண்டு
ஒவ்வோர் இலையையும் அடிப்பக்கமாய் வருடுவது.
இருநூற்றுப் பதினான்கு இலைகள்.
அடுத்த வாரம் நூற்று அறுபது.
அதற்கடுத்த வாரம் எண்ணவில்லை.

ஞாயிறுதோறும் காஸலிலிருந்து அழைப்பு.
அழைப்பு வருமுன் தொட்டியைத் திருப்பி வைப்பேன்,
சுவரைப் பார்த்து மொட்டைக் கிளைகள்,
கேமராவைப் பார்த்துப் பச்சை.
ஒரே ஒரு காய், அதை முன்னால் இழுத்துவிடுவேன்.
"உன் கை ராசியான கை," என்பாள் நெல்லி.

போன ஞாயிறு,
"கொஞ்சம் திருப்பிக் காட்டேன்," என்றாள்.
இணைப்பு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
பிறகு திருப்பினேன்.

எர்வின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான்,
துடைத்தான், மாட்டினான்.
"அப்போதே இருந்தது," என்றான்.
"உன்னிடம் கொடுக்குமுன்
துடைத்துவிட்டுத்தான் தூக்கி வந்தேன்,
ஈரத்துணியால்."

பூனை திரையைக் கடந்து போனது.
நெல்லி மரத்தைப் பார்க்கவில்லை,
அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று எட்டாம் நாள்.
சோப்பைக் கரைத்து, ஈரத்துண்டை ரேடியேட்டர் மேல் போட்டு,
கைப்பேசியைச் சர்க்கரை ஜாடியில் சாய்த்தேன்.
நான் துடைக்க, அங்கிருந்து எர்வின் எண்ணினான்,
பாட்டனின் மொழியில்,
அறுபது வயதில் வகுப்புக்குப் போய்ப் படித்த ஜெர்மனில்.
தொண்ணூறைத் தாண்டியதும் தடுமாறினான்.
தொண்ணூற்றேழை அங்கே
ஏழும் தொண்ணூறும் என்பார்களாம்.
மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.