அயல் பொருள்

உப்பு ஏரிக்கு வடக்கே, யூட்டாவில்
பத்து நாளாய் மூடுபனி எழும்பவில்லை.
பதினேழாம் கட்டடத்தில் நான்கு பேர் இரவு வேலை.
தண்ணீர்ச் சாட்டையால் அறுத்த ராக்கெட் எரிபொருள்
வாளி வாளியாய் வருகிறது.
பள்ளிக்கூட அழிரப்பர் போல இருக்கும், சாம்பல் நிறத்தில்.
நகம் பட்டால் குழியும்,
யோசித்துவிட்டு மீளும்.

மூச்சு கொடுப்பது உப்பு. எரிவது அலுமினியம்.
இரண்டும் அடித்துக்கொள்ளாமல்
நடுவே உட்கார்ந்திருப்பது ரப்பர்
என்பாள் லரூ டோல்மன்.
ஒரு பொத்தானுக்காக
நாற்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தது.
யாரும் அழுத்தவில்லை.
அழுத்தாததற்குப் பதக்கம் கிடையாது.

வெந்நீர் முதலில் உப்பைக் கூட்டிப்போகும்.
பிறகு, பெயர் நீளமான ஒரு திரவம்.
முதல் மணி நேரம் ஒன்றுமே நடக்காது.
அப்புறம் கண்ணி கண்ணியாய் உள்ளே புகுந்து
கோத்த கைகளைப் பிரித்துவிடும்.
வெட்டுவது வேறு, பிரிப்பது வேறு:
லரூ இதில் கறார்.
ரப்பர் கூழாகும். கூழ் எண்ணெயாகும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைத்திருந்தது
ஆறு மணி நேரத்தில் மறந்துவிடும்.

இன்று சல்லடையில்
ஒரு கொண்டை ஊசி.

துருவில்லை. ரப்பர் பத்திரமாய் வைத்திருந்திருக்கிறது.

வார்ப்புக் கூடத்தில் ஊசிக்கு அனுமதி இல்லை.
ஒரு பொறி போதும், கூரை இருக்காது.
பைகளைத் தைத்து மூடிய அங்கி;
கல்யாண மோதிரம்கூட வெளியே, பூட்டிய பெட்டியில்.

டெல்வின் போய்ப் பழைய எக்ஸ்ரே படத்தைத் தேடி எடுத்து வந்தான்.
1974, நவம்பர். மூன்றாம் பகுதி.
விளக்கில் பிடித்தால் மயிரிழைக் கோடு ஒன்று.
ஓரத்தில் பென்சிலில்:
'படத்தில் கீறல். ஏற்கத்தக்கது.'
கையெழுத்து கோழி கிளறியது போல.

அன்றைக்கு யாரோ ஒருத்தி
வேலை விட்டுப் போகிற பஸ்ஸில்
காதோரம் விழுந்த முடியை ஒதுக்கியிருப்பாள்.
ஒதுக்கிய கை அங்கேயே நின்றிருக்கும்.
சொன்னால் வேலை போகும்.
சொல்லாவிட்டால்.

அதற்குப் பிறகு எத்தனை இரவு
வானத்தில் இடி கேட்டு எழுந்து உட்கார்ந்தாளோ.
கீறல் என்று எழுதியவன்
உண்மையிலேயே கீறல் என்றுதான் நினைத்தானா?
அவளைத் தெரியுமா அவனுக்கு?

படிவத்தில் ஒரு கட்டம்: அயல் பொருள்.
'ஒன்று' என்று எழுதினாள் லரூ.
எடை, அரை கிராம்.
அடுத்த கட்டம்: விளக்கம்.
பேனாவை மூடினாள்.
டெல்வின் காதில் செருகியிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கி
எழுதியதைத் தானே அழித்தாள்,
'இல்லை' என்று போட்டாள்.

ஊசி எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.
அடுத்த வாளி உருண்டு வரும் சத்தம்.
லரூ தலைமூடியைச் சரிசெய்துகொண்டாள்.