சோழன்மாளிகை ஒண்ணு

கும்பகோணத்தில் பஸ் ஏறி
சோழன்மாளிகை ஒண்ணு என்றேன்.
பத்து ரூபாய்க்குக் கிழித்துக் கொடுத்தார்.
அங்கே அரண்மனை பார்க்க
டாலரில் சீட்டு, அதில் நம் முகமும் அச்சாகும்.
இங்கே ஸ்டாப்பிங் மட்டும்தான் மாளிகை.
ஒரு டீக்கடை, ஓர் உரக்கடை,
முடிகொண்டானில் முழங்கால் தண்ணீர்.

இருபத்திரண்டு மாதம் கம்போடியாவில்
துறையின் படவரைவாளனாக இருந்தேன்.
வேலை ஒரு கோயிலில். ஞாயிறு வந்தால்
டேப்பை எடுத்துக்கொண்டு ராஜா வீட்டுக்குப் போவேன்.
செம்புரைக்கல் மதில், ஐந்து வாசல்.
உள்ளே போனால் வீடு இல்லை.
குளம் இருக்கிறது: ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று.
நடுவே மூன்றடுக்குக் கல்மேடை, பெயர் பிமியானாகாஸ்.
டேப்பின் மறுமுனை பிடித்தவன் பெயரை
அப்படியே தமிழில் எழுதினால் சாவு வந்துவிடும்.
சவூத் என்று எழுதிக்கொண்டேன்.
அவன்தான் பிரித்துச் சொன்னான்: விமானம், ஆகாசம்.
ஆகாய விமானமா என்று சிரித்தேன்,
அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடை உச்சியில் ஒரு நாகப்பெண்ணாம்.
முதல் சாமம் அரசன் அவளோடு.
அவள் வராத இரவு
அவனுக்குக் கடைசி இரவு.
எங்கள் பக்கமும் ஒரு சோழன்
நாகர்மகளோடு ஒரு மாதம் இருந்து
தொலைத்துவிட்டுத் தேடினான் என்றேன்.
இப்போது சிரித்தது அவன்.

வீடு எங்கே?
மரம், என்று கையை விரித்தான்.
சாமிக்குக் கல், மனிதனுக்கு மரம்.
ராஜாவும் மனிதக் கணக்கில்தான்.
கூரையில் மட்டும் சலுகை:
அவர் தலைக்கு மேல் ஈய ஓடு, மற்றவர்க்கு மண் ஓடு.
சயாம்காரன் வந்தான்.
மிச்சம் கறையானுக்கு.

லீவில் வந்தபோது
மைத்துனன் வைரக்கண்ணு கொல்லையில்
கக்கூஸ் குழி வெட்டிக்கொண்டிருந்தான்.
ஐந்தடி வண்டல், பிறகு கடப்பாரை 'ணங்'.
செங்கல். தனிக்கல் இல்லை, கட்டு.
நாலு வரிசை இறங்கி, வடக்கே திரும்பி
பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு அடியில் போனது.
ஒரு கல்லில் நாய்க்கால் தடம்.
காயும்முன் குறுக்கே ஓடியிருக்கிறது.

பாண்டியன் இடித்து
கழுதை ஏர் பூட்டினான் என்று படித்திருக்கிறேன்.
ஏர் ஐந்தடி போகாது.
கல்லில் இருந்த சாமிகள் அரை மைலில்
பட்டு கட்டி, பத்து மணிக்கு நடை சாத்தி
சௌக்கியமாக இருக்கிறார்கள்.

"அத்தான், ஆபீஸ்ல சொல்லிடாதீங்க.
ஆவணில சம்பந்தி வர்றாங்க."
தலையை ஆட்டினேனா, சும்மா இருந்தேனா,
இன்றுவரை எனக்கே உறுதியில்லை.

ராத்திரி டார்ச்சைப் பல்லில் கவ்வி
குழிக்குள் இறங்கி வரைந்தேன்.
ஒன்றுக்கு இருபது.
சுவர்க்கனம் மூன்றடி இரண்டங்குலம்.
நாயையும் போட்டேன்.
வியர்வை சொட்டி வடமூலை கொஞ்சம் கலைந்தது.

காலையில் உறை இறக்கினார்கள், ஆறு உறை.
நாய்க்கால் கல்
துவைக்கிற இடத்துக்குப் போனது.

படத்தைச் சவூத்துக்கு அனுப்பினேன்.
யார் வீடு என்று அவன் கேட்கவில்லை.
வாசல் எந்தப் பக்கம்?
இவ்வளவுதான் கேட்டிருந்தான்.

கொல்லைக்குப் போய் நின்றேன்.
சுவர் போன வழியில்
பக்கத்து வீட்டுப் பசு படுத்திருந்தது,
கிழக்கே பார்த்து, அசைபோட்டுக்கொண்டு.
தெரியவில்லை என்று எழுதினேன்.